பச்சைப் பொட்டலத்தின் தேதி

தைவானின் தைனான் நகரில் நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில், கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் மௌஸின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மதிய இடைவேளையில் மெக்கானிக் காவ் வந்து பார்த்தார்.

"கோளாறு ஒண்ணும் இல்ல யூச்சின். அணைச்சாலும் யூஎஸ்பிக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கிட்டே இருக்கும். சும்மா கிடந்தா மங்கலா எரியும், கை பட்டா பளிச்சுனு ஆகும். பின்னாடி சுவிட்சை அணைச்சா போயிடும்."

"அணைச்சிடுங்க அண்ணே. பார்க்கவே ஒரு மாதிரியா இருக்கு."

மெஷின் சொன்னபடி கேட்க, அதன்மேல் சோளப்பொரிப் பொட்டலம் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். பச்சைப் பொட்டலமாக இருக்க வேண்டும். காலாவதி ஆகியிருக்கக் கூடாது. கம்ப்யூட்டர்மேல் இருந்த பொட்டலத்தைக் காவ் திருப்பித் தேதியைப் பார்த்தார்.

"இன்னும் ஆறு மாசம் இருக்கே! மறக்காம மாத்துற, கெட்டிக்காரிதான்."

"நானா? டாக்டர் மாத்துறார்னு நெனச்சேன்."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டர் குரல் கொடுத்தார். "நான் தொட்டதே இல்லம்மா. அதெல்லாம் ஷூஹ்வா பார்த்துக்கிட்டது."

ஷூஹ்வா அக்கா எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர். இறந்து மூன்று வருடம் ஆகிறது. அந்தப் பொரி ஒரு வருடம்கூடத் தாங்காது.

காவ் பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்தார். குனிந்து சுவிட்சில் விரல் வைத்தார். யாரும் தொடாத மௌஸின் விளக்கு பளிச்சென்று எரிந்தது. விரலை எடுத்தார், மங்கியது.

"இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார்.

அன்று மாலை கிளம்பும்போது நாற்காலியை மேஜைக்குள் தள்ளவில்லை. ஒருவர் உட்காரும் அளவுக்கு இழுத்துவிட்டு வந்தேன்.