கிழவி என்ற முகவரி

அந்த ஒரு வரியை நானே அழித்தேனா, பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றும்போது விடுபட்டுப் போனதா என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஒரு நாள் அப்படித் தோன்றுகிறது. மறுநாள் இப்படி.

மற்றதெல்லாம் நினைவிருக்கிறது. பகல் பதினொன்றரை மணி. மேசையில் மருத்துவமனையின் சம்மதப் படிவம். எதிரே அம்மா, வீங்கிய காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு.

இதயத்தில் ஒரு வால்வை மாற்ற வேண்டும். நான்கு மணிக்குள் படிவம் போகாவிட்டால் மறுநாள் காலைக்குக் கிடைத்திருந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த இடம் ஏழு வாரம் கழித்து. அதுவரை தாங்குமா என்று கேட்டதற்கு மருத்துவர் படிவத்தைத்தான் என் பக்கம் நகர்த்தினார்.

பெரியவன் சரி என்று சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள் அம்மா.

"பக்கத்துல நான் இருக்கேனே, என்னைக் கேக்க மாட்டியா?"

"பக்கத்துல இருக்கவன் மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுடும். தூரத்துல இருக்கவனைத்தான்டா கேக்கணும்."

அண்ணன் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். நடுக்கடலில் போன் கிடையாது. கப்பலின் பொதுக் கணினிக்கு மின்னஞ்சல் போகும். அதிகாரி ஒருவர் அச்செடுத்துக் கையில் கொடுப்பார். பதில் எழுதுவதென்றால் வரிசையில் நின்று, முகவரி உட்பட எல்லாவற்றையும் புதிதாகத் தட்ட வேண்டும்.

எங்கள் வீட்டு மின்னஞ்சல் என் அறைக் கணினியில், என் சொந்த சர்வரில் ஓடுகிறது. சின்னச் சின்ன அலுவலகங்களுக்கு அதே வேலையைச் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. பன்னிரண்டு நாட்களில், அம்மா சொல்லச் சொல்ல, மூன்று கடிதங்கள் அனுப்பியிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதுவரை நாங்கள் அனுப்பியதையே தேடிக்கொண்டிருந்தேன். சர்வர் தான் செய்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாக்கில், மூன்று கடிதங்களும் ஏற்கப்பட்டன என்றுதான் இருந்தது. எங்கள் சர்வர் எந்தத் தடைப்பட்டியலிலும் இல்லை. ஸ்பேம் பெட்டியைக் கிளறினேன். அங்கேயும் இல்லை.

"என்னடா சொல்லுது உன் பொட்டி?"

"பாத்துட்டிருக்கேன்மா."

"ஊருக்கெல்லாம் தபால் ஓட்டுறான். பெத்தவளுக்கு ஒரு கடுதாசி கொண்டுவரத் துப்பில்ல."

அப்போதுதான் வந்ததைத் தேடத் தோன்றியது. கப்பல் கம்பெனியின் பெயரைக் கொடுத்தேன்.

நான்கு வரிகள் வந்து நின்றன.

நான்கும் அண்ணன் எழுதியவை. நான்கையும் என் சர்வர் ஏற்க மறுத்திருந்தது. காரணம்: அப்படி ஒருவர் இங்கே இல்லை.

அம்மாவின் அஞ்சல் பெட்டிக்குப் பெயர் கிழவி. அவளுக்கு முதல் நரை வந்த அன்றிலிருந்து அண்ணன் அப்படித்தான் கூப்பிடுவான்; பெட்டி திறந்தபோது அவளே கேட்டு வாங்கிய பெயர். ஆங்கிலத்தில் தட்டும்போது ழகரத்துக்கு இசட்டும் எச்சும் சேர்த்துப் போட வேண்டும். அண்ணனுக்கு ழகரம் நாக்கிலும் வராது, விரலிலும் வராது. ஒற்றை எல் போட்டு முடித்துவிடுவான். அவனுக்காகவே சர்வரில் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்: கிலவிக்கு வருவதைக் கிழவிக்குக் கொடு.

அந்த வரியைக் காணவில்லை.

சர்வர் ஓடும் கணினியை மாற்றிய அதே வாரம்தான், அம்மாவை இந்த நிலையில் விட்டுவிட்டுக் கப்பலேறுகிறாயே என்று கத்தி, அவனோடு பேச்சை முறித்திருந்தேன்.

மறுக்கப்பட்ட கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை லாக் சொல்லாது. தெரியாத பெயரைச் சொன்னதுமே சர்வர் வாசலில் நிறுத்திவிடும். உள்ளே வந்து பேச விடாது. தேதியும் மணியும் மட்டும் மிஞ்சும். கடைசிக் கடிதம் முந்தின நாள் காலை வந்து திரும்பியிருந்தது.

வரியைத் திரும்ப எழுதினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் நான் கேட்டு, அது கப்பலுக்குப் போய், அவன் கைக்குக் கிடைத்து, அவன் எழுதி வந்து சேர இரண்டு நாளாவது ஆகும்.

நான்கு முறை எழுதியிருக்கிறான். பண்ணிக்கொள் என்று சொல்லத்தானே ஒருவன் இத்தனை அவசரப்படுவான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

"வந்திருக்கும்மா."

"என்ன சொல்றான்?"

"பண்ணிக்கச் சொல்றான். பயப்படாதேன்னு எழுதியிருக்கான்."

அம்மா கண்ணாடியைத் தேடவில்லை. வீங்கிய காலை நாற்காலியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு, "கிழவின்னு போட்டிருக்கானா?" என்றாள்.

"போட்டிருக்கான்."

"தப்பாத்தானே?"

"தப்பாத்தான்."

சிரித்தாள். பேனாவுக்குக் கை நீட்டினாள்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மா கண் விழிக்கவில்லை. ஐந்தாம் நாள் இறந்தாள். ஏழு வாரம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அண்ணன் ஆறாவது வாரம் கரையிறங்கினான். கப்பலில் அச்செடுத்து வைத்திருந்த தன் கடிதங்களைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். நான்கிலும் ஒரே விஷயம்தான் இருந்தது. ஆறு வாரத்தில் வந்துவிடுவேன், நான் வரும்வரை ஆபரேஷன் வேண்டாம்.

அவை திருப்பப்பட்டதைக் கப்பலில் யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

அவன் மறுபடி கடலுக்குப் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி வீடெடுத்து, லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான். என்னோடு பேசுகிறான். தன் கடிதங்களையெல்லாம் படித்துவிட்டும் அம்மா கையெழுத்துப் போட்டாள் என்று நம்புகிறான். நான் அதே சர்வரைத்தான் இன்னும் பார்த்துக்கொள்கிறேன். அவனிடம் எதுவும் சொல்லவில்லை.