எங்கே நின்று பார்த்தீர்கள்?

வானத்தில் பறக்கும் தட்டைப் பார்த்தேன் என்று சொன்ன நாளிலிருந்து கணக்கு வாத்தியாருக்கு வீட்டில் மரியாதை போய்விட்டது. "ஏங்க, உங்க தட்டு தரையிறங்கிடுச்சு, சாப்பிட வாங்க" என்றுதான் ஒரு வாரமாக மனைவி கூப்பிடுகிறாள்.

பொறுக்க முடியாமல் விமானப்படைக்கு எழுதிப் போட்டார். இன்று ஓர் அதிகாரி சீருடையோடு வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க நின்னு பாத்தீங்க சார்?"

"பூங்காவுல. எனக்குச் சர்க்கரை இருக்கு. தினம் சாயங்காலம் நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு."

அதிகாரி வரைபடத்தை விரித்தார். "பூங்காவுல நின்னா தண்ணி டேங்க் மறைக்குமே! இன்னும் நாலு பேர் பாத்திருக்காங்க. நாலு பேருமே பேக்கரி வாசல்ல நின்னவங்க. நீங்களும் அங்க நின்னிருந்தா, அடையாளம் தெரியாத பொருள்னு பதிவு பண்ணிடுவேன். பூங்கான்னா, சாட்சி ஒத்துப்போகலைன்னு வானிலை பலூன்னு எழுதி ஃபைலை மூடிடுவேன்."

வாத்தியார் வரைபடத்தில் இருந்த பேக்கரியையே பார்த்தார். தான் பொய்யன் இல்லை என்று நிரூபிக்க இதைவிட்டால் வேறு வாய்ப்பில்லை. ஆனால் சமையலறை வாசலில் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"பூங்காதான் சார்" என்றார் ஈனக் குரலில். "பலூனாவே இருந்துட்டுப் போகட்டும்."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க சார்!" மனைவி முன்னால் வந்தாள். "அது பலூன் இல்ல. பச்சை வெளிச்சத்தோட வட்டமா சுத்திச்சு. இவர் ரெண்டாவது கேக்கைக் கடிக்கிறப்பதான் வந்துச்சு. நான் எதிர் மருந்துக்கடையில இவருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கிட்டு நின்னேன்."