மறுக்கா வை, தாயி

“உள்ள வர்றப்ப எல்லாரும் வாசல் மிஷின்ல ஒரு தடவ கார்டு வச்சுட்டுப் போறாக. என்னைய மட்டும் தெனமும் ரெண்டு தடவ வைக்கச் சொல்றாரு சார், அந்த வாட்ச்மேன்.”

சொல்லிவிட்டு ரோஸ்மேரி தலையைக் குனிந்துகொண்டாள். பனியன் கம்பெனியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பயந்து பயந்து, இன்றைக்குத்தான் மேனேஜர் ஈஸ்வரமூர்த்தியின் அறை வரை வந்திருக்கிறாள்.

“‘சரியாப் படல, மறுக்கா வை தாயி’ம்பாரு. வைக்கிற வரைக்கும் பக்கத்துலயே வந்து நிப்பாரு. அந்த மிஷினு வேற, என் பேரைச் சொல்லாம ‘வணக்கம், நதியா’ங்குது.”

கம்ப்யூட்டர் வேலையாக வந்திருந்த சசிகுமாரை மேனேஜர் பார்த்தார். “ஏனுங்க சசி, எத்தனை தடவை வெச்சாங்கன்னு அதுல பதிவு இருக்குமுங்களா? இருந்தா எடுங்க. இன்னைக்கே அந்தாளை ஊட்டுக்கு அனுப்பீரலாம்.”

சசிகுமாருக்கு ரத்தம் கொதித்தது. அவன் தங்கையும் நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகிறவள்தான். அவள் போகிற வாசலில் இப்படி ஒரு கிழவன் நின்றால் யாரிடம் போய்ச் சொல்வாள்?

சர்வரைத் திறந்தான். கார்டு எண் 1047, வேலைக்கு வந்த பத்தொன்பது நாளும் உள்ளே நுழையும்போதெல்லாம் இரண்டிரண்டு தடவை. ஒரு நாள்கூட முதல் தடவை படாமல் போனதில்லை. ஆக, கிழவன் சொன்னது பச்சைப் பொய்.

பேர் மாறிய குழப்பத்துக்கு மட்டும் சசிகுமார்தான் காரணம். சர்வருக்குள் ஒரு புரோகிராம் இருக்கிறது. கார்டு எண்ணைக் கொடுத்தால் அது யாருடையது என்று பேர் சொல்வது அதன் வேலை. மார்கழி மாதம் பக்கத்துக் கம்பெனியில் வைரஸ் புகுந்ததாகக் கேள்விப்பட்டு, எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் என்று இவன் கறாராக ஒரு பாலிசி போட்டான். அதில் எழுதாத எதையும் முதலாளியே கேட்டாலும் சர்வர் திறக்காது.

அத்தனை கறாராக எழுதியவன், பேர் சொல்லும் புரோகிராமுக்குப் புது ஆட்களின் பட்டியலைத் திறக்க அனுமதி எழுத மறந்துபோனான். அது பாவம், என்ன செய்யும்? மனப்பாடமாக வைத்திருந்த பழைய பேர்களையே சொல்லிக்கொண்டிருந்தது. புது எண்களுக்கு வெறும் எண்ணைப் படித்தது.

பழைய பட்டியலைப் பார்த்தான். 1046, சோணைமுத்து, வாட்ச்மேன். அடுத்த வரி 1047, நதியா, டெய்லர். இருவரும் சேர்ந்தது ஒரே தேதி. நதியாவின் பேர் தை மாதம் நீக்கப்பட்டிருந்தது.

“வேலைய விட்டு நின்னிருப்பாங்க,” என்றார் மேனேஜர். “ஆறு மாசத்துக்கு ஒருக்கா இங்க பாதி ஆள் மாறுதுங்க. நானே வந்து ரெண்டு மாசந்தான் ஆச்சு. நம்பர் சும்மா கெடக்குதுன்னு இந்தப் புள்ளைக்குக் குடுத்தோம்.”

சசிகுமார் பாலிசியில் ஒரே ஒரு வரி சேர்த்தான். பழைய மனப்பாடத்தை அழித்தான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மதியம் சோணைமுத்துவைக் கூப்பிட்டார்கள். அறுபதை நெருங்கிய மனிதர். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“மெஷின் மொதல் தடவையே சரியாத்தானுங்க எடுத்துருக்குது. உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்று கேட்டார் மேனேஜர்.

“தெரியும் சார்.”

“அப்புறம் எதுக்குங்க அந்தப் புள்ளையை மறுபடியும் வெக்கச் சொன்னீங்க?”

கிழவர் வாயைத் திறந்தார். ஓரமாக நின்ற ரோஸ்மேரியைப் பார்த்தார்.

சசிகுமாருக்குப் பொறுக்கவில்லை. “அந்தப் புள்ளை உங்களுக்கு மக மாதிரி இல்லீங்களா? வெக்கமா இல்ல?”

“ஆமா சார், மக மாதிரிதான்,” என்றார் கிழவர். மேனேஜர் அவர் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். வாசல் அறையில் சோணைமுத்து விசிலையும் டார்ச்சையும் மேஜைமேல் எடுத்து வைத்தார். சரியாகிவிட்டதா என்று பார்க்க, மெஷின் பக்கத்தில் சசிகுமார் நின்றான்.

ரோஸ்மேரி வந்து கார்டை வைத்தாள்.

“வணக்கம், ரோஸ்மேரி.”

அவள் முகம் மலர்ந்தது. கிழவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஒரே தடவையில் உள்ளே போனாள். சசிகுமாருக்கும் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு.

திரும்பினால், சோணைமுத்து அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“சார், அந்தப் பழைய பேரு... இனிமே அது சொல்லவே சொல்லாதா?”

“சொல்லாதுங்க. அது பிழை, சரி பண்ணியாச்சு. நதியான்னு இங்க யாருமே இல்லீங்களே.”

கிழவர் மெல்லத் தலையாட்டினார்.

“தெரியும் சார். எம் மவளுக்குக் கொள்ளி வச்சது நாந்தானே.”