கல்லுக்கு அரைப்படி

"எட்டுப் பேரு, பதினாறு கண்ணு, அஞ்சு நாளு! ஒரு நத்தை அகப்படலையாடா உங்களுக்கு?"

ரத்தினவேல் சார் போட்ட சத்தத்தில், ஓடைக் கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்கூடத் தலையைத் தூக்கின. எட்டு மாணவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சார் கேட்டது உயிருள்ள நத்தையை அல்ல. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் இந்த ஊட்டத்தூர்ப் பக்கமெல்லாம் கடல். அந்தக் கடலின் நத்தையும் சிப்பியும் கல்லாகி ஓடைகளில் புதைந்து கிடக்கின்றன. அவற்றைத் தேடத்தான் 1959 மே மாதத்து வெயிலில், திருச்சியிலிருந்து வந்து போட்ட இந்தக் கோடை ஆராய்ச்சி முகாம். 'முன் அனுபவமுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மட்டும்' என்று சார் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். எட்டுப் பேருமே அவருடைய முகாமில் ஏற்கெனவே இரண்டு கோடையைத் தாக்குப்பிடித்தவர்கள். அதைவிடப் பெரிய அனுபவம் வேறென்ன வேண்டும்?

அடுத்த ஞாயிறு மதராஸிலிருந்து ஒரு விஞ்ஞானி வருகிறார். மாணவர்கள் தோண்டி எடுத்ததைப் பார்த்து அவர் தலையாட்டினால், சார் இந்த முகாமின் நிரந்தர இயக்குநர். ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலில் மாட்டப் பெயர்ப்பலகைகூட எழுதியாகிவிட்டது. விஞ்ஞானி உதட்டைப் பிதுக்கினால், ஜூன் மாதம் மறுபடியும் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாரத்துப் பொடிசுகளுக்குக் கரப்பான்பூச்சியின் ஆறு கால்களைப் பாடம் நடத்த வேண்டியதுதான்.

"சார், பசிக்குது சார். காலையில குடிச்ச கஞ்சி..." என்று இழுத்தான் மாணவர் தலைவன் நல்லதம்பி.

"ஆராய்ச்சிக்காரனுக்கு வயித்து நெனப்பே வரக்கூடாது! கண்ணுக்கு வேலை குடு, வயிறு தானா அடங்கும்."

இதைச் சொல்லும்போது சார் மூன்றாவது வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானமே, ஆடு மேய்க்கும் வேலம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நத்தை மாதிரி சுருண்ட கல்லு இங்க கெடக்குமே, பார்த்திருக்கியா?"

"கெடக்கும் சாமி. நான் ஆட்டைப் பார்ப்பேனா, கல்லைப் பார்ப்பேனா?"

"பொறுக்கிக் கொண்டா. கல்லுக்கு அரைப்படி அரிசி தரேன். யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது."

வேலம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்லுக்கு அரிசி கொடுக்கும் மனிதரை அவள் இதுவரை கண்டதில்லை.

சாயங்காலமே மூன்று கற்கள் வந்தன. சார் அரிசி மூட்டையை அவிழ்த்தார். மாணவர்களுக்காகக் காந்தி மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய மூட்டை. சமையல்காரரிடம், "நாளையிலேருந்து கஞ்சி கொஞ்சம் இளக்கமா இருக்கட்டும்" என்று சொல்லிவைத்தார்.

விடிந்ததும் விடியாததுமாக, பையன்கள் தோண்டும் குழிகளில் அந்தக் கற்களைப் புதைத்தார். ஆழமெல்லாம் இல்லை. கோழி கிளறினாலே வெளியே வந்துவிடும்.

மத்தியானம் போய்க் குழிக்கரையில் நின்றார். "என்னடா, ஏதாச்சும் உண்டா?"

"ஒண்ணுமில்லீங்க சார்" என்றான் நல்லதம்பி.

சாருக்கு ரத்தம் கொதித்தது. புதைத்து வைத்ததைக்கூட எடுக்கத் துப்பில்லாத முண்டங்கள்! வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. தானே தோண்டிப் பார்க்கலாமென்றால், கொத்திப் போட்டிருந்த மண்ணில் எங்கே புதைத்தோம் என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

வேலம்மாள் மட்டும் ஒருநாளும் ஏமாற்றவில்லை. மூன்று, ஐந்து, அப்புறம் தினமும் எட்டு. எழுத்து வாசனை இல்லாதவள் முந்தானை நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். சார் அளந்து கொடுத்தார், கற்களைப் புதைத்தார், மத்தியானம் போய் "ஒண்ணுமில்லீங்க சார்" என்ற பதிலைக் கேட்டுப் பல்லைக் கடித்தார். வந்த கல்லை ஒருநாளாவது உற்றுப் பார்த்தாரா என்றால், இல்லை. விஞ்ஞான ஆசிரியருக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்?

மூட்டை அடிமட்டத்துக்குப் போயிற்று. கஞ்சியில் சோற்றுப் பருக்கையைத் தேடுவதே தனி ஆராய்ச்சியாகிவிட்டது. ஆனாலும் பையன்கள் பசி என்று வாயைத் திறப்பதில்லை.

"பார்த்தீரா? ஆராய்ச்சின்னா இப்படித்தான், பழகிட்டானுங்க" என்று சமையல்காரரிடம் பெருமைப்பட்டுக்கொண்டார் சார்.

ஞாயிறு விடியற்காலையில் எட்டுக் கற்களையும் கழுவி, முதல்முறையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகப்பிலிருந்த குழிகளில் புதைத்தார். விஞ்ஞானியை வைத்துக்கொண்டு, 'இங்கே தோண்டு' என்று கைகாட்டிவிட்டால் தீர்ந்தது.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. விஞ்ஞானி இறங்கிச் சுற்றும்முற்றும் பார்த்தார். குழிகள் இருந்தன, மண்வெட்டிகள் இருந்தன, ஒரு பையனைக்கூடக் காணோம்.

"உங்க அனுபவசாலிகள் எல்லாம் எங்கே, மிஸ்டர் ரத்தினவேல்?"

"இங்கதான்... சாம்பிள் தேடிட்டு இருப்பாங்க சார்."

கரைக்கு அந்தப்பக்கமிருந்து கத்தரிக்காய்க் குழம்பு வாசனை வந்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டு விஞ்ஞானி முன்னே நடக்க, சார் பின்னாலேயே ஓடினார்.

வேலம்மாள் குடிசையின் முன்னால் எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இலைக்குப் பக்கத்திலும் ஒரு கல். அன்று காலையில் சார் தன் கையாலேயே கழுவிப் புதைத்த அதே கற்கள்.

சோற்றுப் பானையோடு வெளியே வந்த வேலம்மாள், அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தாள்.

"வாங்க சாமி, உக்காருங்க, உங்க அரிசிதான்! ஆனா ஆளுக்கு ஒரு கல்லு கொண்டாரணும்; கல்லு இல்லாதவங்களுக்கு இங்க சோறு கெடையாதுங்க."