ஆறாவது ஒலி

மார்ச் ஒன்பது, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. இரண்டாம் மாடி வீட்டின் கூடம். மகளின் நாற்காலிக்குப் பின்னால் தையல்காரர் நிற்கிறார். அவள் காதுக்கருவிகளை மாட்டியதும், பல் தேய்ப்பதைப் போல, தினமும் நடக்கிற சோதனை இது. அவர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்; அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறும் தப்பாமல் வருகின்றன. வெயில் பட்டு எதிர்ச்சுவர்க் கண்ணாடி மின்ன, அவர் நிமிர்கிறார்.

“அடி கள்ளி, கண்ணாடியில என்னையா பாக்குற?”

“அட்டையைத் தாண்டி மீசை ஆடுதுப்பா.”

சிரித்துக்கொண்டே நாற்காலியை வெறும் சுவர்ப்பக்கம் திருப்புகிறார். ஐந்து ஒலிகள் திரும்பி வருகின்றன. ஆறாவது வரவில்லை. இன்னொரு தடவை சொல்கிறார். அவள் காலிலிருக்கும் புது ஓட்டக் காலணியையே பார்க்கிறாள். மூன்று வயதில் அவர் மடியில் உட்கார்ந்து, ஒலி கேட்கும்போதெல்லாம் கிண்ணத்தில் ஒரு பித்தானைப் போடுவாள். முதன்முதலாக ‘ஸ்’ கேட்ட அன்று அவள் போட்ட நீலப் பித்தான் துள்ளி விழுந்து உருள, இவர் தையல் மெஷினுக்கடியில் தவழ்ந்து போய் எடுத்து வந்தார். அதைப் பார்த்து அவள் சிரித்த சத்தம் இன்னும் அவர் காதில் இருக்கிறது.

“எத்தனை நாளா கேக்கல?”

“மூணு நாளா. சொன்னா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவீங்க. இன்னிக்குப் பந்தயம்பா.”

அவர் அட்டையை மேஜைமேல் வைக்கிறார்.

ஒன்பதரைக்குப் பந்தயம் தொடங்குகிறது. அப்பாவும் மகளும் காது மருத்துவரின் அறைவாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.