உலை ஆறும் வரை

ஜெசிந்தாவின் உள்ளங்கையில் வில்லை இருந்தது. ஒரு ரூபாய்க் காசு அகலம். நடுவில், முடி விழுந்தது போல ஒரு விரிசல்.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். எப்படித் திருப்பினாலும் விரிசல் விரிசல்தான்.

எடைத் தராசருகே நின்றிருந்த தோழி தலையைத் தூக்கவில்லை.

பேட்டரிக்குள் இருக்கிற, தீப்பிடிக்கும் திரவத்துக்குப் பதிலாக வைக்கவேண்டிய வெள்ளை வில்லை அது. ஜெசிந்தா பொடிகளைக் கல்வத்தில் அரைப்பாள், அழுத்துவாள், உலையில் சுடுவாள். முன்பும் வெடித்திருக்கிறது. சீக்கிரம் ஆறுவதால்தான் வெடிக்கிறது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. இந்த முறை, கதவே திறக்காமல், கரண்டிலேயே சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஆறவிட்டுப் பார்ப்பது.

இதுவும் வெடித்தால் இந்தப் பொருளையே விட்டுவிட வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

உலைக் கதவில் ஜெசிந்தா ஒட்டிய காகிதம் இன்னும் இருந்தது.

ஆறும் வரை திறக்காதீர்கள். கீழே ஒரு சிரிக்கும் முகம்.

நேற்று மாலை ஆய்வகத்தில் தோழி மட்டும்தான் இருந்தாள்.

அதே உலையில் அவளுடைய கறுப்பு வில்லையும் இருந்தது. அதைச் சூட்டோடு எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. காலையில் அளவெடுக்கும் கருவியில் அவள் முறை. விட்டால் அடுத்த மாதம்தான்.

கதவைக் கொஞ்சம்தான் திறந்தாள்.

முகத்தில் அனல் அடித்தது. இடுக்கியால் தன்னுடையதை எடுத்தாள். மூடினாள்.

அவ்வளவுதான்.

"ஏட்டி, நேத்து சாயந்தரம் கரண்டு போச்சா?"

ஜெசிந்தா கேட்டாள். கரண்ட் போயிருந்தால் இந்த முறை கணக்கில் வராது. உலை சட்டென்று ஆறியிருக்கும். பேராசிரியர் இன்னொரு தடவை சுட விடுவார்.

கேட்ட கண்ணில் கெஞ்சல் இருந்தது.

"இல்லையே."

அது உண்மை.

பேராசிரியர் வந்தார். விரிசலை நகத்தால் தடவினார்.

"போதும்மா. மெதுவா ஆறவிட்டும் வெடிக்குதுன்னா அதோட புத்தியே அப்படித்தான். விட்டுருவோம்."

"சரி, சார்."

அவர் போன பிறகு ஜெசிந்தா கல்வத்தைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். சுத்தமான பிறகும் கழுவினாள். துடைத்து அவளிடம் நீட்டினாள்.

"நீயே வச்சுக்க. எனக்குத்தான் கைராசி இல்ல. உனக்காவது ஒழுங்கா வருதே."

வாங்கிக்கொண்டாள். கல் சில்லென்று இருந்தது.

அப்போது கரண்ட் போனது.

ஜன்னல் இல்லாத அறை. ஒன்றும் தெரியவில்லை. ஜெசிந்தாவின் சிரிப்பு மட்டும் கேட்டது.

"இப்பப் போகுது பாரு, சனியன். நேத்தே போயிருக்கக் கூடாதா?"

சிரிப்பு முடிந்த இடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

முகம் தெரியவில்லை. இப்போது சொல்லிவிடலாம்.

"ஜெசி..."

வெளியே ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது.

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"என்னட்டி?"

அவள் கல்வத்தை முந்தானையால் துடைத்தாள். அதில் ஒன்றும் இல்லை. மறுபடியும் துடைத்தாள்.