இடைவேளையில் வரும் ரசிகை

"இன்னைக்கு மூச்சு விட்டுட்டீக சார்."

அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

நெற்றியில் பசை போட்டு ஒட்டிய ஒரு ரூபாய் நாணயம் அப்படியே இருந்தது. தாடையைச் சேர்த்துக் கட்டிய நாடிக்கட்டுத் துணியை மட்டும் அவிழ்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். நாடகத்தின் முதல் பாதி முழுக்க மேடை நடுவே பிணமாகக் கிடந்துவிட்டு இப்போதுதான் எழுந்து வந்திருக்கிறான். இடைவேளை முடிவதற்குள் முகம் கழுவி, சட்டை மாற்றி, மீசை ஒட்ட வேண்டும்.

அவனுடைய காட்சி இரண்டாம் பாதியில்தான். செத்தவன் வாழ்ந்த கதை. வெளியூர் போனவன் திரும்பி வந்து, வாசலில் நின்றபடியே மனைவியிடம் பேசித் தீர்க்கிற நீளமான காட்சி. அதற்காக மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தான். ஒரு பத்திரிகைகூட நாலு வரி பாராட்டியிருந்தது.

எதிரே நிற்கிற இந்தப் பெண் அதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அவள் முதலில் வந்த ஞாயிற்றுக்கிழமை, "பூமிநாதன் அண்ணே, உங்களப் பாக்க ஒரு ரசிகை வந்திருக்காங்க" என்று விளக்குப் போடுகிற செழியன் வந்து சொன்னபோது, அவன் அவசரமாகத் தலையைச் சீவிக்கொண்டான். இத்தனை வருட நாடகத்தில் அவனைத் தேடி ஒப்பனை அறைவரை யாரும் வந்ததில்லை. வருகிறவர்கள் கதாநாயகியோடு படம் எடுத்துக்கொள்வார்கள். போகும்போது அவனிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்பார்கள்.

வந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் பஞ்சவர்ணம் என்றாள். மானாமதுரைப் பக்கமாம்.

"நல்லாப் படுத்திருந்தீக சார்."

அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வாரம், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி தளர்ந்து கிடந்தது என்றாள்.

இப்போது மூச்சு.

"மூச்சு விடாம எப்படிம்மா இருக்கிறது?"

"போன வாரம் விடலயே."

அவன் நாணயத்தை நகத்தால் நெம்பினான். வரவில்லை. தோல்தான் எரிந்தது.

"இங்க பாருங்கம்மா. அது சும்மா படுத்துக் கெடக்கிறது. யாரு வேணாலும் கெடக்கலாம். என் நடிப்பு இனிமேதான் இருக்கு. உக்காந்து பாத்துட்டுப் போங்க."

"பஸ்ஸு போயிரும் சார்."

"இன்னும் வெயிலே எறங்கல. மானாமதுரைக்குப் பஸ்ஸா இல்ல?"

முதல் மணி அடித்தது.

"அதுல நீங்க உசுரோட திரும்பி வருவீகளாமே."

"ஆமா. அதுதான நாடகமே."

"அத எப்படி சார் நா பாக்கிறது?"

அவன் நகம் நின்றது.

"எங்க வீட்டுக்காரவுக சவுதியில, தம்மாம்ல தவறிட்டாக. பெட்டியில வந்தாக. தொறக்கக் கூடாதுன்னுட்டாக. பெட்டியோடயே எடுத்துட்டுப் போயி அடக்கம் பண்ணிட்டாக. நாடி கட்டல, காலு கட்டல, நெத்தியில காசு வைக்கல. மொகத்த நா பாக்கல."

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவுக ஒங்களவிடக் குட்டை. நல்ல கருப்பு. படுத்துட்டா எல்லாம் ஒண்ணுதான்."



செழியன் தலையை நீட்டினான். "அண்ணே, இன்னும் மீசை ஒட்டலையா?"

"போடா. வர்றேன்."

செழியன் போனான்.

பூமிநாதன் நாடிக்கட்டை எடுத்துத் தாடையோடு சேர்த்து உச்சியில் முடிச்சுப் போட்டான். பெஞ்சில் கிடந்த உடைகளைத் தள்ளிவிட்டு மல்லாந்து படுத்தான். கால்களைச் சேர்த்து வைத்தான்.

கண்ணை மூடினான்.

அவள் தரையில் உட்காருவது கேட்டது.

அழுவாள் என்று நினைத்தான். அழுகைக்குத் தயாராக இருந்தான்.

"சொன்னேன்ல?"

பக்கத்தில், மிகப் பக்கத்தில்.

"போகாதீகன்னு சொன்னேன்ல? இந்த வயசுக்கு மேல என்ன வெளிநாடுன்னு சொன்னேன்ல? கேட்டீகளா? நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு போனு. ஒரே ஒரு போனு போட முடியலயா? நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன். என்னத்த நல்லாயிருந்தீக? ஆசுபத்திரிக்குப் போங்கன்னா பாப்பம். லீவு கேளுங்கன்னா பாப்பம். எதச் சொன்னாலும் பாப்பம், பாப்பம். என்னத்தப் பாத்தீக? என்னத்தப் பாத்தேன் நானு?"

நெஞ்சில் ஒரு குத்து விழுந்தது.

நிஜமாகவே வலித்தது.

அவன் அசையவில்லை.

இரண்டாவது மணி அடித்தது. வாசலில் இயக்குநரின் செருப்புச் சத்தம். "யோவ் பூமி, மேடைக்கு..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது.



அரங்கத்தில் சனங்கள் திரும்பி வந்து நாற்காலிகளை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

அவள் மூக்கைச் சிந்தினாள். தரையில் கையூன்றி எழுந்தாள். சேலையை உதறினாள்.

"போதும் சார். எந்திரிங்க. ஒங்களுக்காக எல்லாரும் காத்திருக்காக."

அவனால் உடனே எழுந்திருக்க முடியவில்லை.

"எந்திரிங்கங்கிறேன்ல."

இந்த முறை அவள் சார் என்று சொல்லவில்லை.